கான்ஜி தெரியாமல் ஜப்பானிய உரையாடலை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழியில் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டவர்களுக்கு, அதை எழுதிப் பார்க்கும் ஆசை சீக்கிரமே வந்துவிடும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே ஜப்பானிய எழுத்துகளை அச்சிடவில்லை. எழுத்து அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒலிகளைத் தமிழில் தந்திருக்கிறேன், ஆனால் அவை காதுக்கு மட்டுமே. ஏன் என்று ஐந்தாவது கேள்வியில் சொல்கிறேன்.

ஜப்பானிய மொழிக்கு மூன்று எழுத்துமுறை என்கிறார்களே, எது போதும்?

பேச்சை எழுத ஹிரகானா போதும். அடிப்படை எழுத்துகள் 46. அதே 46 ஒலிகளுக்கு வேறு வடிவம் கொடுத்தால் கதகானா. அது வெளிநாட்டுச் சொற்களுக்கும் பெயர்களுக்கும். இரண்டுக்கும் பொதுப் பெயர் கானா. மூன்றாவது, சீனாவிலிருந்து வந்த கான்ஜி. (கஞ்சி என்று எழுதினால் நம் ஊரில் வேறு பொருளாகிவிடும்.) அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்திருக்கும் கான்ஜிப் பட்டியலில் 2010 முதல் 2136 எழுத்துகள். அதைப் பார்த்து மிரண்டுதான் பலர் பேனாவையே கீழே வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஜப்பானிய மொழியில் வாயால் சொல்லக்கூடிய எதையும் ஹிரகானாவில் எழுதிவிடலாம். கான்ஜி தெரியாததால் எழுத முடியாமல் போகும் சொல் ஒன்றுகூடக் கிடையாது.

எல்லாவற்றையும் ஹிரகானாவில் எழுதினால் சிரிக்க மாட்டார்களா?

குழந்தை எழுதியது போல இருக்கும், அவ்வளவுதான். படித்துவிடுவார்கள். ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் ஹிரகானா இருக்கிறது. சிறுவர் புத்தகங்கள் அதில்தான் வருகின்றன. கடினமான கான்ஜிக்கு மேலே பொடி எழுத்தில் உச்சரிப்பைப் போடுவார்கள், அதற்கு ஃபுரிகானா என்று பெயர். 1995-இல் கோபே பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில், அறிவிப்புகளைப் படிக்க முடியாமல் வெளிநாட்டவர்கள் தவித்தார்கள். அதற்குப் பிறகுதான் ‘யஸஷீ நிஹொங்கொ’, அதாவது எளிய ஜப்பானியம் என்ற முறை வளர்ந்தது. இன்று பல நகராட்சிகளின் அறிவிப்புகள் அந்த முறையில் வருகின்றன.

ஹிரகானாவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. ஆண்கள் சீன எழுத்தில் எழுதுவதே கௌரவம் என்றிருந்த காலத்தில் ஹிரகானாவுக்குப் ‘பெண் கை’ என்று பெயர். தொஸா மாகாண ஆளுநராக இருந்து ஊர் திரும்பிய கி நொ த்ஸுரயுகி என்ற கவிஞர், அந்தப் பயணத்தை 935 வாக்கில் நாட்குறிப்பாக எழுதினார். தன்னை ஒரு பெண்ணாகப் பாவித்துக்கொண்டு, பெரும்பாலும் கானாவிலேயே எழுதினார். மனதில் உள்ளதைப் பேசும் மொழியில் சொல்ல அவருக்கும் அந்த எழுத்துதான் வசதிப்பட்டது.

எந்த வரிசையில் கற்பது?

அட்டவணையில் உள்ள வரிசையிலேயே. அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து உயிர். பிறகு க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ வரிசைகள். கடைசியில் தனியாக ஒரு ‘ன்’. நம் க, ச, ட, த, ப, ம, ய, ர, வ போலவே ஓடுகிறதே என்று தோன்றினால், காரணம் இருக்கிறது. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருதம் படிக்க ‘சித்தம்’ என்ற இந்திய எழுத்தைக் கற்றார்கள். அந்த வரிசையின் சாயலில்தான் ஜப்பானிய ஐம்பதொலி அட்டவணை அமைந்தது. ஹ வரிசை நம் ‘ப’ இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது பாருங்கள். பழைய ஜப்பானிய மொழியில் அது ‘ப’ ஒலியாகத்தான் இருந்தது.

ஐம்பது என்று பெயர், எண்ணினால் 46. ய வரிசையில் மூன்றுதான், வ வரிசையில் இன்று புழங்குபவை இரண்டுதான்.

எத்தனை நாளாகும்?

நாளுக்கு ஐந்து எழுத்து என்றால் ஹிரகானா பத்து நாளில் முடியும். கதகானாவுக்கு இன்னொரு பத்து. மறப்பதற்கும் மறுபடி படிப்பதற்கும் சேர்த்து ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் உச்சரிப்பை எழுதிவைத்துப் படிக்கலாமா?

முதல் வாரம் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாவது வாரம் கிழித்துப் போடுங்கள். இதில் நான் கொஞ்சம் கறார்.

தமிழில் க ஒன்றுதான். ‘கல்’ என்பதில் ஒரு மாதிரியும் ‘தங்கம்’ என்பதில் வேறு மாதிரியும் நாமே இடம் பார்த்து ஒலிக்கிறோம், எழுத்து மாறுவதில்லை. ஜப்பானியத்தில் அவை வேறு வேறு. ‘கல்’லில் வருவது போன்ற தெளிந்த ஒலிக்கு வெறும் எழுத்து. ‘தங்க’த்தில் வருவது போன்ற கலங்கிய ஒலிக்கு அதே எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சின்னக் கோடுகள். தெளிவு, கலங்கல் என்ற பெயர்கள் ஜப்பானிய இலக்கணத்தினுடையவை. பேச்சில் அந்தக் கோடுகளை ‘தென்தென்’ என்பார்கள்.

தமிழில் ‘கின்’ என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். அது தங்கமா வெள்ளியா? கோடு இல்லாவிட்டால் தங்கம், இருந்தால் வெள்ளி. ‘ககி’ என்று எழுதினால் சீமைப் பனிச்சையா சாவியா என்பது இரண்டாம் எழுத்தின் கோட்டில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது ‘தைககு’. முதல் எழுத்தில் கோடு இருந்தால் பல்கலைக்கழகம். இல்லாவிட்டால் படிப்பைப் பாதியில் விடுவது. “என் மகன் தைககு” என்று நோட்டில் எழுதியிருந்தால், பையன் எந்த நிலையில் இருக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் இன்னொரு வம்பும் உண்டு. சொல்லின் நடுவில் வரும் க, த, ப ஆகியவற்றைத் தமிழ் நாக்கு தானாகக் கலக்கிவிடும். கடிகாரத்துக்கு ‘தொகெய்’. நடுவில் இருப்பது தெளிந்த க, கோடு இல்லை. நாம் நம் வழக்கப்படி ‘அகல்’ என்பதில் வருவது போல ஒலித்துவிட்டு, எழுதும்போது கோடு போட்டுவிடுகிறோம். தமிழ் பேசுபவர்களின் நோட்டில் நான் பார்க்கும் பிழைகளில் பாதி இந்த வகைதான். எழுதுவதற்கு முன் சொல்லை ஒருமுறை ஜப்பானியக் குரலில் கேளுங்கள், உங்கள் குரலில் அல்ல.

ஹ வரிசைக்கு மட்டும் கூடுதலாக ஒரு குட்டி வட்டம் உண்டு. இரண்டு கோடு போட்டால் கலங்கிய ப, வட்டம் போட்டால் தெளிந்த ப.

எழுத்துகள் ஒன்றுபோலவே இருக்கின்றனவே?

சுழியைக் கவனியுங்கள். ரெண்டு சுழி ‘ன’, மூணு சுழி ‘ண’ என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய வேலை. ஹிரகானா ‘ரொ’ கிட்டத்தட்ட 3 என்ற எண். அதன் வால் நுனியில் சுழி போட்டால் ‘ரு’. ‘மெ’ எழுத்தின் வாலில் சுழி போட்டால் ‘நு’. ‘வ’, ‘ரெ’, ‘நெ’ மூன்றுக்கும் இடப்பக்கம் ஒன்றேதான். வால் உள்ளே வளைந்தால் வ, வெளியே உதறினால் ரெ, சுழித்தால் நெ. ‘ஹ’வுக்கு மேலே இன்னொரு படுக்கைக் கோடு போட்டால் ‘ஹொ’, ஆனால் செங்குத்துக் கோடு மேல்கோட்டைத் தாண்டித் தலை நீட்டக் கூடாது.

கதகானாவில் ‘ஷி’, ‘த்ஸு’ இரண்டும் எல்லோரையும் படுத்தும். பார்த்துப் பிரிக்காதீர்கள், கையால் பிரியுங்கள். ஷியின் நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறும். த்ஸுவினுடையது மேலிருந்து கீழே இறங்கும். ‘ன்’, ‘ஸொ’ ஜோடிக்கும் இதே கணக்கு: ன் ஏறும், ஸொ இறங்கும்.

அச்சில் ஒரு மாதிரி, கையெழுத்தில் ஒரு மாதிரி இருக்கிறதே?

‘கி’, ‘ஸ’ இரண்டுக்கும்தான் பெரும்பாலும் இந்தச் சந்தேகம் வரும். அச்சில் அடிவளைவு மேல்பகுதியோடு ஒட்டியிருக்கும். கையால் எழுதும்போது கோட்டை நிறுத்தி, பேனாவை எடுத்து, வளைவைத் தனியாகப் போடுவார்கள். இரண்டும் சரி. எழுதிப் பழக, பள்ளிப் பாடநூல் எழுத்துருவில் உள்ள அட்டவணையை வாங்குங்கள் அல்லது இறக்கிக்கொள்ளுங்கள். கோடு போடும் வரிசைக்குப் பொது விதி: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். முடிவு மூன்று வகை: அழுத்தி நிறுத்துவது, கொக்கி போல உதறுவது, இழுத்து மறையவிடுவது.

குறில், நெடில் உண்டா?

உண்டு. இங்கே தமிழ் பேசுபவர்களுக்கு அதிர்ஷ்டம்தான். ‘ஒபஸன்’ அத்தை, ‘ஒபாஸன்’ பாட்டி. ‘பிரு’ அடுக்குமாடிக் கட்டடம், ‘பீரு’ பீர். மற்ற நாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் திணறும் இந்த வேறுபாடு நம் காதில் தானாக விழுந்துவிடும். எ, ஒ இரண்டுக்கும்கூடக் குறிலும் நெடிலும் நம்மிடம் இருக்கின்றன.

எழுதும்போதுதான் யோசிக்க வேண்டும். நெடிலுக்குத் தனி எழுத்து கிடையாது, பின்னால் இன்னொரு உயிரைச் சேர்க்க வேண்டும். ஆ, ஈ, ஊ மூன்றும் எளிது: அதே உயிரைச் சேர்த்தால் போதும். ஏகாரத்துக்குப் பெரும்பாலும் ‘இ’ சேரும், ஓகாரத்துக்குப் பெரும்பாலும் ‘உ’ சேரும். ஆசிரியர் ‘ஸெ-ன்-ஸெ-இ’. தோக்கியோ ‘தொ-உ-கியொ-உ’. சொல்லும்போது உகரம் காதில் விழாது, கை எழுதியே ஆக வேண்டும்.

விதிவிலக்கு சில உண்டு. ஒஸாகா நகரம் ‘ஒ-ஒ-ஸ-க’. பெரிய என்பதற்கு ‘ஒ-ஒ-கி-இ’, தூரம் ‘தொ-ஒ-இ’, பனிக்கட்டி ‘கொ-ஒ-ரி’. பழைய எழுத்துமுறையில் இந்த இடங்களில் ‘ஹொ’ இருந்தது. அது தேய்ந்து ‘ஒ’ ஆனது. இப்படிப்பட்ட சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, மனப்பாடம் செய்துவிடுங்கள். அக்கா ‘ஒ-நெ-எ-ஸ-ன்’, பணிவான ஆமாம் ‘எ-எ’. இவை ஏகாரத்துக்கு ‘எ’ சேரும் சிலவற்றில் அடக்கம்.

கதகானாவில் இந்தத் தலைவலி இல்லை. எந்த நெடிலாக இருந்தாலும் ஒரு நீட்டல் கோடு. மேலிருந்து கீழாக எழுதினால் அந்தக் கோடும் நிமிர்ந்து நிற்கும்.

மாத்திரை போல ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது, ஹகு என்பார்கள். ஓர் எழுத்துக்கு ஒரு தட்டு. நம் இலக்கணத்தில் குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை. ஜப்பானியத்தில் மெய்யான ‘ன்’னுக்கும் முழுத் தட்டு உண்டு. தோக்கியோ நாலு தட்டு. நிப்பொன் என்பதும் நாலு: நி, ஒரு நிறுத்தம், பொ, ன். ஹைக்கூவின் ஐந்து-ஏழு-ஐந்து இந்தத் தட்டுகளின் எண்ணிக்கைதான், அசைகளின் எண்ணிக்கை அல்ல. கேட்ட சொல்லைக் கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். தட்டின் எண்ணிக்கையும் எழுத்தின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் எழுதியது அநேகமாகச் சரி. (பொடியாக எழுதும் ய, யு, யொ மட்டும் இந்தக் கணக்கில் சேராது.)

பொடியாக எழுதும் எழுத்துகள் எதற்கு?

இரண்டு வேலைக்கு. பொடி ‘த்ஸு’ நம் ஒற்று மிகுவது போல. அடுத்து வரும் மெய்யை ஒரு தட்டு பிடித்துவைக்கும். ‘கிதெ’ என்றால் வா. நடுவில் பொடி த்ஸு வந்து ‘கித்தெ’ ஆனால் தபால்தலை. ‘கீதெ’ என்று நீண்டால் கேள். ன் இரட்டித்தால் மட்டும் பொடி த்ஸு வராது, ‘ன்’ எழுத்தே வரும்.

பொடி ய, யு, யொ மூன்றும் முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டி ஒரே தட்டாகிவிடும். ‘கி’யோடு பொடி ‘யொ’ சேர்ந்தால் கியொ. பொடியாக எழுத மறந்தால் கி-யொ என்று இரண்டு தட்டு. மருத்துவமனை ‘பியோஇன்’, அழகு நிலையம் ‘பி-யோஇன்’. எழுத்துகள் ஒன்றே, ‘யொ’வின் அளவு மட்டும் வேறு. ஒருமுறை வீட்டுக்காரம்மாவுக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனேன். திரும்பி வந்தால் கதவில் பழம் தொங்குகிறது, “உடம்புக்கு என்ன?” என்று ஒரு சீட்டும் கூட. அன்றிலிருந்து கட்டம் போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். பொடி எழுத்து கட்டத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும், சந்தேகம் வராது.

‘கொன்னிச்சிவா’ என்று சொல்லிவிட்டுக் கடைசி எழுத்தை ஏன் ‘ஹ’ என்று எழுதுகிறார்கள்?

அந்த ‘வா’ ஓர் இடைச்சொல். வணக்கம் என்று நாம் பெயர்த்தாலும், அது “இன்றைய நாளோ...” என்று தொடங்கி முடிக்காமல் விட்ட வாக்கியம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டும் அந்த உருபை ‘ஹ’ என்று எழுதி ‘வ’ என்று படிக்க வேண்டும். இரவு வணக்கமான ‘கொம்பன்வா’வுக்கும் இதேதான்.

சொல்லின் நடுவில் இருந்த ஹ ஒலி பல நூற்றாண்டுகளில் வ ஆகத் தேய்ந்துவிட்டது. எழுத்து மட்டும் பழையபடியே நின்றது. 1946-இல் எழுத்துமுறையைத் திருத்தி, பேசுவது போலவே எழுதலாம் என்றார்கள். ஆனால் மூன்று உருபுகளை மட்டும் தொடவில்லை. பேசுபொருளைக் காட்டும் ‘வ’வுக்கு ‘ஹ’. திசையைக் காட்டும் ‘எ’வுக்கு ‘ஹெ’. நம் ‘ஐ’ உருபு செய்யும் வேலையைச் செய்யும் ‘ஒ’வுக்கு, உயிர் ‘ஒ’ இல்லாமல், ‘வொ’ என்ற தனி எழுத்து. 1986-இல் விதிகளை மறுபடி திருத்தியபோதும் இந்த மூன்றும் தப்பித்துக்கொண்டன.

நினைவில் நிற்க ஒரு நாக்குப் பிறழ் வாக்கியம்: நிவ நிவ நிவ நிவதொரி க இரு. தோட்டத்தில் இரண்டு கோழிகள் இருக்கின்றன என்று பொருள். (அந்த ‘க’வுக்கு இரண்டு கோடு உண்டு.) நான்கு ‘நிவ’வில் மூன்றை நி-வ என்று எழுத வேண்டும். இரண்டாவது மட்டும் நி-ஹ, ஏனென்றால் அது ‘தோட்டத்தில்’ என்பதன் உருபு. சொல்லிச் சொல்லி எழுதிப் பாருங்கள், விதி கையில் ஏறிவிடும்.

‘ஜி’, ‘ஸு’வின் கலங்கிய ஒலிகளுக்கு இரண்டு எழுத்து இருக்கின்றனவே?

கண்ணை மூடிக்கொண்டு ஸ வரிசையில் கோடு போடுங்கள். த வரிசையில் போட வேண்டிய சொற்கள் குறைவு. மூக்கில் ரத்தம் வடிவது ‘ஹனஜி’: ஹன மூக்கு, ச்சி ரத்தம். இங்கே ச்சிக்குத்தான் கோடு. ‘தொடர்வது’ என்ற பொருளில் வரும் த்ஸுஸுகு இன்னொன்று.

வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விடலாமா?

பெரியவர்கள் விடுவதில்லை, கான்ஜியே வேலியாக நிற்கும். வெறும் கானாவில் எழுதும் நீங்கள் கட்டாயம் விடுங்கள், சிறுவர் நூல்களிலும் விடுகிறார்கள். எங்கே விடுவது? நாம் ‘வீட்டுக்கு’ என்று சேர்த்துத்தானே எழுதுகிறோம், ‘வீட்டு க்கு’ என்று பிரிப்பதில்லையே? அங்கேயும் உருபைச் சொல்லோடு ஒட்டுங்கள், அதன் பிறகு இடைவெளி. ஜப்பானியப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு சோதனை சொல்லித்தருவார்கள்: “நான் நெ, நேற்று நெ, பள்ளிக்கு நெ...” என்று ‘நெ’ போட்டுப் பேசிப் பார். எங்கே ‘நெ’ நுழைகிறதோ அங்கே பிரிக்கலாம்.

இடைவெளி இல்லாத தந்திகளின் காலத்து வேடிக்கை ஒன்று: கனெஒகுரெதனொமு. “கனெ ஒகுரெ, தனொமு” என்றால் பணம் அனுப்பு, உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். “கனெ ஒ குரெத, நொமு” என்றால் பணம் கொடுத்தார்கள், குடிக்கப் போகிறேன். ஆனால் உருபுக்கு ‘வொ’ என்று முறையாக எழுதுபவருக்கு இந்தக் குழப்பமே வராது. முதலாவதில் உயிர் ‘ஒ’, இரண்டாவதில் உருபு ‘வொ’. அந்த எழுத்தை எதற்கு விட்டுவைத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

இரண்டு பேர் பேசுவதை எப்படி அமைப்பது?

ஒவ்வொருவர் பேச்சுக்கும் புது வரி. மேற்கோள் குறியாக மூலை மடக்கிய அடைப்பு, பெயர் ககிகக்கொ. வாக்கிய முடிவில் புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம். 20-க்கு 20 என 400 கட்டம் உள்ள கெங்கோயோஷித் தாளில், முடிவு வட்டமும் அடைப்பும் ஒரே கட்டத்தில் அமரும். பள்ளியில் அந்த வட்டத்தைப் போடச் சொல்வார்கள், பதிப்பகங்கள் பெரும்பாலும் அடைப்புக்கு முன் அதை விட்டுவிடும். ‘கா’ என்று முடியும் கேள்விக்கு வினாக்குறி தேவையில்லை, வட்டமே போதும். ‘கா’ இல்லாமல் குரலை ஏற்றிக் கேட்கும் “தபெரு?” (சாப்பிடறியா?) போன்றவற்றுக்கு வினாக்குறி இல்லாவிட்டால் கேள்வி என்றே தெரியாது.

ஓர் உதாரணம்?

பாடப்புத்தக உரையாடலை நகல் எடுக்காதீர்கள். காதில் விழுந்ததை எழுதுங்கள். ஜப்பானில் இருப்பவர்களுக்குத் தினமும் இலவசமாகக் கிடைக்கும் பாடம், 24 மணி நேரக் கடையின் கல்லா.

“ஃபுகுரொ வ இரிமஸ் கா.” (பை வேண்டுமா?)
“இயெ, தைஜோபு தெஸ்.” (இல்லை, பரவாயில்லை.)
“ஒபெந்தோ, அததமெமஸ் கா.” (சாப்பாட்டைச் சூடு செய்யவா?)
“ஹை, ஒநெகை ஷிமஸ்.” (ஆமாம், செய்து கொடுங்கள்.)

2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு என்பதால் முதல் கேள்வி தவறாமல் வரும். இப்போது எழுதுங்கள். பைக்குப் பின்னால் வரும் ‘வ’வுக்கு ‘ஹ’. ‘இயெ’ என்று காதில் விழுந்தாலும் எழுத்து இ-இ-எ. ‘மஸ்’, ‘தெஸ்’ என்று உகரம் விழுங்கப்பட்டாலும் கடைசியில் ‘ஸு’ முழுசாக வரும். ‘தைஜோபு’வில் மூன்று இடத்தில் கோடு: முதல் த, ஷியைக் கலக்கிய ஜி, கடைசி எழுத்து. ஜிக்குப் பின் பொடி யொ, பிறகு நீட்டலுக்கு உ. இந்த ஒரு சொல்லைப் பிழையில்லாமல் எழுதுபவருக்கு ஹிரகானா விதிகளில் முக்கால்வாசி தெரியும்.

‘நான்’, ‘நீங்கள்’ என்பதற்கு வதஷி, அனத என்று ஒவ்வொரு வரியிலும் எழுதலாமா?

வேண்டாம். “சாப்டாச்சா?” “ஆச்சு” என்று நாம் பேசுவது போலத்தான் அவர்களும். யார் என்பது தெரிந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். அனத என்று எதிரில் இருப்பவரைச் சொல்வது பல இடங்களில் முறைப்பாகப் படும். பெயரோடு ‘ஸன்’ சேர்த்து எழுதுங்கள். உங்கள் பெயருக்கு நீங்களே ஸன் போட்டுக்கொள்ளாதீர்கள்.

என் பெயரை எப்படி எழுதுவது?

கதகானாவில், ஒலிப்படி. ல, ள, ழ, ர, ற எல்லாம் ர வரிசைக்குள் போக வேண்டியதுதான். தமிழ் என்பதே அங்கே ‘த-மி-ரு’. சென்னைக்கு ச்சியோடு பொடி எ, பிறகு ன், ந, இ. கார்த்திக்கில் வரும் ‘தி’க்கு ‘தெ’ எழுதிப் பக்கத்தில் பொடி இ. ஒருமுறை முடிவு செய்துவிட்டால் எல்லா விண்ணப்பத்திலும் அதையே எழுதுங்கள், பிறகு மாற்றினால் அலுவலகங்களில் வேறொரு ஆளாகிவிடுவீர்கள்.

பேச்சுவழக்கை அப்படியே எழுதலாமா?

எழுதலாம், நண்பருக்கு அனுப்பும் செய்தியில் எழுதத்தான் வேண்டும். எனக்கு மிகவும் சுவையாகப் பட்ட பகுதி இதுதான். ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பது நம் வாயில் ‘சாப்ட்டுட்டேன்’ ஆகிறது. ஜப்பானியத்தில் ‘தபெதெ ஷிமத்த’ வாயில் ‘தபெச்சத்த’ ஆகிறது. நம் ‘விடு’ செய்யும் துணைவினை வேலையை அங்கே ‘ஷிமௌ’ செய்கிறது, அதுவும் நம்முடையதைப் போலவே தேய்ந்து ஒட்டிக்கொள்கிறது. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘தபெதெ இரு’, பேச்சில் ‘தபெதெரு’. ‘இரு’ என்ற ஒலிகூட ஒத்துப்போவது கேட்க வேடிக்கையாக இருக்கும். ‘சாப்பிட்டுப் பார்’ என்பதற்குத் ‘தபெதெ மிரு’. மிரு என்றால் பார்ப்பதுதான்.

ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியறிஞர், தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் போகட்டும், வினையைக் கடைசியில் வைத்து அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் பழக்கம் இருவருக்கும் இருக்கிறது. அதனால் பேச்சு வாக்கியத்தைத் தமிழிலேயே யோசித்து, பேச்சுத் தமிழின் வரிசையிலேயே சொற்களைப் போட்டால் பெரும்பாலும் சரியாக வரும். ஆங்கிலம் வழியாகப் போனால் தலைகீழாகத் திருப்பி மறுபடி நேராக்க வேண்டியிருக்கும்.

ம், ஓ, அடடா போன்றவை?

விட்டுவிடாதீர்கள். அவை இல்லாத உரையாடல் வழக்குமன்ற வாக்குமூலம் போல இருக்கும். எதிராளி பேசும்போது நடுநடுவே போடும் ‘ம்’களுக்கு ஐஸுச்சி என்று பெயர். ‘உன்’ நண்பர்களிடம், ‘ஹை’, ‘எ-எ’ மரியாதைக்கு. வியப்புக்கு ‘ஹே’, புரிந்தது என்பதற்கு ‘நருஹொதொ’. சட்டென்று வெட்டிய ‘அ!’வுக்கு அ எழுதி, பின்னால் பொடி த்ஸு. இரட்டைக் கிளவிக்கும் பஞ்சமில்லை: நெஞ்சு படபடத்தால் ‘தொகிதொகி’, வயிறு காய்ந்தால் ‘பெகொபெகொ’. நிஜமாகக் காதில் விழும் சத்தத்தைக் கதகானாவிலும், நிலையைச் சொல்லும் சொல்லை ஹிரகானாவிலும் எழுதுவது பொது வழக்கம், கட்டாயமில்லை.

ஃபோனில் தட்டினால் போதாதா?

போதும், ஆனால் கையால் எழுதிய பிறகு. ஜப்பானிய விசைப்பலகையில் பன்னிரண்டு பொத்தான்தான். ‘க’வைத் தொட்டால் க, இடப்பக்கம் இழுத்தால் கி, மேலே கு, வலப்பக்கம் கெ, கீழே கொ. ஆங்கில எழுத்து வழியாகத் தட்டுபவர்கள் ஒலியை அல்ல, எழுத்தைத் தட்ட வேண்டும். ‘வ’ உருபுக்கு எச், ஏ. ‘ஒ’ உருபுக்கு டபிள்யூ, ஓ. தனி ‘ன்’னுக்கு என் இரண்டு முறை.

தேர்வில் எழுதச் சொல்வார்களா?

ஜப்பானிய மொழித்திறன் தேர்வான ஜேஎல்பிடியில் எழுத்துப் பகுதியே இல்லை, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். அதனால்தான் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பலருக்கு ஒரு சீட்டு எழுதக் கை வராது.

கான்ஜி எப்போது தொடங்கலாம்?

உங்கள் ஹிரகானாவே உங்களுக்கு எரிச்சலூட்டும்போது. ஒருநாள் ‘அம்மாவுக்குப் பூ பிடிக்கும்’ என்று எழுத நினைப்பீர்கள். அம்மா ‘ஹஹ’, உருபு ‘ஹ’, பூ ‘ஹன’. எழுதி முடித்துப் பார்த்தால் வரியின் தொடக்கத்தில் வரிசையாக நாலு ‘ஹ’ நிற்கும், யாரோ சிரிப்பது போல. போதாக்குறைக்கு ஹன என்றால் மூக்கும் கூட. அன்றைக்கு அம்மாவுக்கும் பூவுக்கும் உள்ள இரண்டு கான்ஜியை மட்டும் கற்றுக்கொண்டு அந்த வரியைத் திருத்துங்கள். மீதி 2134-ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.